கேமராவுக்குச் சீட்டு படிக்கத் தெரியாது

எங்கள் கட்டடத்தின் முதல் மாடியில், என் வீட்டு வாசலுக்கு நேர் எதிரே, சுவரில் ஒரு இரும்புப் பெட்டி பதித்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது சுவிட்ச். விளக்குப் போடுகிற சுவிட்ச் இல்லை. கம்பிகள் வந்து செருகிக்கொள்ள வரிசையாக ஓட்டைகளும், ஓயாமல் கண்ணடிக்கிற பச்சை விளக்குகளும் உள்ள கருவி. இன்டர்நெட் அதன் வழியாகத்தான் வீடுகளுக்குப் பிரிகிறது. மாடிக்கு ஒன்று இருந்தாலும், ரிப்பேருக்கு வருகிறவர்கள் முதலில் திறப்பது என் வாசல் பெட்டியைத்தான். ஆகவே இந்தக் கட்டடத்தில் இன்டர்நெட் சம்பந்தமாக நடந்த எல்லாவற்றுக்கும் நான் சாட்சி. எட்டிப் பார்க்கிறேன் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். கதவு திறந்திருந்தால் கண் தானாகப் போகிறது, நான் என்ன செய்வது?

கீழே பல் டாக்டரின் கிளினிக், அதை ஒட்டித் தையல்கடை. மேலே மூன்று மாடி வீடுகள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே லைன், ஒரே வலை. அதன் லட்சணம் எப்படி என்றால், பல் டாக்டர் அனுப்புகிற எக்ஸ்ரே அறிக்கை இரண்டாம் மாடி டீச்சர் வீட்டுப் பிரின்டரில் வந்து விழும். டீச்சர் அதைத் திருத்தி மார்க் போடாததுதான் பாக்கி.

ஆனால் அதற்கெல்லாம் யாரும் அசையவில்லை. குடியிருப்போர் சங்கத் தலைவரின் டிவியில் கை வைத்தபோதுதான் அசைந்தார்கள். தலைவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். ஓய்வு பெற்றது வங்கிக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரியாது. ஒருநாள் சொந்தக்காரர்களைக் கூட்டி உட்கார வைத்து, தன் பிரிவுபசார விழா வீடியோவைப் போட்டிருக்கிறார். அவர் மைக்கைப் பிடித்து "என்னுடைய சேவைக் காலத்தில்" என்று ஆரம்பித்த இடத்தில் திரை மாறி, ஒரு குண்டு மனிதர் அரைக்கால் சட்டையோடு தொப்பை குறைக்க ஆடினார். கீழே கிளினிக்கில் பல்வலியோடு காத்திருந்த எவரோ தன் போனில் தவறான டிவியைத் தொட்டுவிட்டார், அவ்வளவுதான். எவ்வளவு அழுத்தியும் தலைவரால் அவரை நிறுத்த முடியவில்லை. சத்தம் கேட்டு நானும் மேலே போனேன். ஆட்டம் நன்றாகவே இருந்தது.

மறுநாளே தீர்மானம்: வீடுகள் தனி, கடைகள் தனி, வாசல் கேமராக்கள் தனி. ஒன்று இன்னொன்றைப் பார்க்கக் கூடாது. இதற்கு வெளியாள் எதற்கு, நம் வீட்டுப் பெண் இருக்கிறாளே என்று தன் மருமகளை நியமித்துவிட்டார். அவளைக் கேட்டாரா என்பது வேறு விஷயம்.

அந்தப் பெண் கல்யாணமாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வீட்டிலிருந்தே வேலை. கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு திரைகளுக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். படியில் ஏறும்போது அவர்கள் வீட்டு ஜன்னல் வழியாகத் தெரியும். கம்ப்யூட்டரில் ஏதோ விளையாடுகிறாள் என்றே நான் நினைத்திருந்தேன். ஒரு பெரிய கம்பெனியின் வலைப்பின்னலைக் கட்டி மேய்க்கிறவள் என்று பிறகுதான் தெரிந்தது. எனக்கே பிறகுதான் தெரிந்தது என்றால், அவள் எவ்வளவு குறைவாகப் பேசுகிறவள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தீர்மானத்தைக் கேட்டுப் பதறியது தையல்கார அக்காதான். என்னைவிடச் சின்னவள்தான், ஆனாலும் கட்டடம் முழுக்க அவள் அக்கா. கடை கீழே, வீடு மூன்றாம் மாடியில். அவள் கணவரை எல்லோரும் மாஸ்டர் என்போம். கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். எனக்கும் கொஞ்ச நாள் சொல்லிக் கொடுத்தார். "நீங்க ரோட்டைத் தவிர எல்லாத்தையும் பாக்கறீங்க" என்று சொல்லி நிறுத்திவிட்டார். அப்படிக் கணீரென்று பேசின மனிதருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு ஒவ்வொரு வார்த்தையாக இழுத்துக்கொண்டு வரும். அன்றிலிருந்து அவர் யாரையும் பார்க்க விடவில்லை. பழப் பையோடு போய், பையை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு வாசலோடு திரும்பியவர்களில் நானும் ஒருத்தி.

அவர் தலையணையிலிருந்து சரிந்தால் தானாக நிமிர முடியாது, மூச்சு அடைத்துக்கொள்ளும். ஒரு கண் எப்போதும் அவர் மேல் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா கடையை மூடிவிட்டு மேலே உட்கார்ந்தால் அடுப்பு எரியாது. அதனால் அலமாரி மேல் ஒரு சின்னக் கேமரா வைத்து, கடையில் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் பழைய கம்ப்யூட்டரில் அந்தப் படத்தை ஓட விட்டிருந்தாள். ஒரு கண் ஊசியில், ஒரு கண் திரையில். அவர் இடது கையைத் தூக்கினால் மிதியிலிருந்து காலை எடுத்துக்கொண்டு ஓடுவாள். மூன்று மாடியையும் அவள் ஏறுகிற வேகத்தில் நாம் இறங்கக்கூட முடியாது.

இப்போது கடை தனி, வீடு தனி என்றால்?

கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே தலைவர் வீட்டுக்கு ஓடினாள். நானும் போனேன், ஆறுதலுக்கு.

"சார், அந்தப் படம் போச்சுன்னா நான் கடையைச் சாத்த வேண்டியதுதான்."

"அதெப்படிம்மா சாத்துவீங்க? கேமராவை வாசல் கேமரா கூடச் சேர்த்துடலாம். விதிப்படி சரியா வரும்."

"அந்தப் படமெல்லாம் வாட்ச்மேன் ரூம்லதான ஓடுது?"

"ஆமா, அவரும் ஒரு கண்ணு பாத்துக்குவாரு. நல்லதுதானே?"

அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்து நானே பேச்சை மாற்ற வாயெடுத்தேன். கூடப் பிறந்த தங்கையைக்கூட உள்ளே விடாத மனிதரை வாட்ச்மேன் டீ குடித்துக்கொண்டே பார்ப்பதா?

"வேணாம் சார்" என்றாள்.

"ஒருத்தருக்கு ஒரு விதின்னு போட முடியாதும்மா."

உள்ளே திரைகளுக்கு முன்னால் இருந்த மருமகள் திரும்பாமலே சொன்னாள்: "மாமா, நாலாவதா ஒரு பாதை போடலாம். அக்கா கடை, அந்தக் கேமரா, ரெண்டு மட்டும். வேற யாருக்கும் தெரியாது."

"அதுக்குப் புதுசா கம்பி இழுக்கணுமே?"

"வேணாம். இருக்கற கம்பியிலயே போகும்."

ஒரே கம்பியில் நாலு பாதை எப்படிப் போகும் என்று எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. புரியாத விஷயம் இருந்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. மறுநாள் அவள் தையல்கடைக்குப் போவதைப் பார்த்ததும், நல்ல சட்டையில் ஒரு பொத்தானைப் பிய்த்து எடுத்துக்கொண்டு நானும் போனேன்.

அக்கா துணி மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். தைத்த சட்டைகளையெல்லாம் மொத்தமாக ஒரே பையில் போட்டு, காஜா எடுக்கிறவரிடம் அனுப்புவாள். பொத்தான் துளை போடுவது அவர் வேலை. ஒவ்வொரு சட்டையிலும் யாருடையது என்று ஒரு சீட்டைக் குத்தியிருந்தாள். மருமகள் அதைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆன்ட்டி, நேத்துலேர்ந்து கேட்டுட்டே இருக்கீங்களே, இதுதான் அது. பை ஒண்ணு, சட்டை பல பேருது. கலந்துடாம இருக்க சீட்டு. மாடிக்கு மாடி போற கம்பி இந்தப் பை மாதிரி. நாலு பாதையும் அதுல கலந்துதான் போகும், ஒவ்வொண்ணுலயும் ஒரு நம்பர் குத்தி அனுப்புவோம். அந்த ஓட்டைக்கு டேக்டு போர்ட்னு பேரு."

"சட்டைக்காரர் வந்து கேட்டா சீட்டோட குடுத்துடுவியா?" என்று நான் அக்காவைக் கேட்டேன்.

"நல்லா இருக்கே! சீட்டோட போட்டுக்கிட்டுப் போவாங்களா? கழட்டிட்டுத்தான் குடுப்பேன்."

"அதுதான் அன்டேக்டு" என்றாள் மருமகள். "டிவி, கேமரா, கம்ப்யூட்டர் எல்லாம் சட்டை வாங்க வந்தவங்க மாதிரி. அவங்களுக்குச் சீட்டு படிக்கத் தெரியாது. கடைசி ஓட்டையில சுவிட்ச்சே சீட்டைக் கழட்டிக் குடுக்கும். அவங்ககிட்டேர்ந்து வாங்கும்போது சுவிட்ச்சே குத்திக்கும்."

"ஏதாவது சீட்டில்லாம வந்தா?" இது நான்.

அக்கா முந்திக்கொண்டாள். "சீட்டில்லாம வந்தா, காஜாக்காரரு எதுவும் கேக்க மாட்டாரு. ஸ்கூல் யூனிஃபார்ம் கட்டுலதான் வீசுவாரு. அதுதான் பெரிய கட்டு."

"சுவிட்ச்சும் அப்படித்தான். நாம எதைச் சொல்லி வச்சிருக்கமோ அந்தக் கட்டுல போட்டுடும்." அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. பிறகு அக்காவிடம் கேட்டாள்: "உங்க வீட்டுக்கு ஒரே கம்பிதானே வருது? டிவிக்கும் கேமராவுக்கும் எப்படிப் பிரியுது?"

"டிவி பின்னாடி ஒரு சுவிட்ச் பெட்டி இருக்கும்மா. நல்லா இருந்த காலத்துல அவரே வாங்கி மாட்டினது. மாடியில இருக்கே, அதே மாதிரி, பச்சை லைட்டெல்லாம் எரியும்."

"நான் வந்து ஒரு தடவை பாக்கட்டுமா?"

அக்கா சீட்டை இன்னும் அழுத்திக் குத்தினாள். "அவரு... வேணாம்மா."

மருமகள் வற்புறுத்தவில்லை. நானாக இருந்திருந்தால் தண்ணீர் கேட்கிற சாக்கில் உள்ளே போயிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலை நடந்தது. மடியில் லேப்டாப்போடு என் வாசல் படியில் உட்கார்ந்து ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு நம்பர் எழுதினாள். வீடுகளுக்குப் பத்து, கடைகளுக்கு இருபது, வாசல் கேமராக்களுக்கு முப்பது, அக்காவின் பாதைக்கு நாற்பது. எங்கள் வீட்டுக்காரர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு தடவை படம் நின்று வந்தது, அவ்வளவுதான். டீச்சர் வீட்டுப் பிரின்டர் டீச்சருக்கு மட்டும் வேலை செய்தது. தலைவர் சட்டைக் காலரை இழுத்து விட்டுக்கொண்டு மாடி மாடியாக விசாரித்து வந்தார், கம்பியெல்லாம் அவர் கையால் முறுக்கியது போல.

கீழே அக்காவின் திரை மட்டும் கறுப்பு.

யூனிஃபார்ம் அவசரம் என்று அவள் ஞாயிறும் கடை திறந்திருந்தாள். திரை கறுத்ததும் பாதித் துணியை மிஷினிலேயே விட்டுவிட்டு மேலே ஓடினாள். மாஸ்டர் நன்றாகத்தான் இருந்தார். டிவியில் ஏதோ பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கீழே வந்தபோது முகம் வெளிறியிருந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டாள்.

"டிவி ஓடுதா?" என்று கேட்டார் தலைவர்.

"ஓடுது சார்."

"அப்ப லைன் நல்லா இருக்கு. கேமராதான் போச்சு. பழசு. புதுசு ஒண்ணு வாங்கிடுங்க."

"காலைல வரைக்கும் இருந்துதே சார்?"

"போற பொருள் சொல்லிட்டாம்மா போகும்?"

அவரோடு வாதாட அக்காவுக்கு நேரமில்லை. மிச்ச ஷட்டரையும் இறக்கிப் பூட்டிவிட்டு மேலே போனாள். திங்கட்கிழமை யூனிஃபார்மோடு பள்ளி வாசலில் நிற்க வேண்டியவள். இந்த ஒரு கட்டு நாள் தவறினால் அடுத்த வருஷம் அந்தப் பள்ளி வேறு தையல்காரரிடம் போய்விடும் என்று எனக்கே தெரியும்.

மருமகள் மட்டும் என் வாசலை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் காபி கொண்டுவந்து வைத்தேன். ஆறிப்போனது.

"மாடிக்கு மாடி போற கம்பி டேக்டு, நாலும் போகுது. கடைக்குப் போற ஓட்டை நாற்பது, அன்டேக்டு. சரி. அக்கா வீட்டுக்குப் போற ஓட்டை..." தனக்குள் பேசிக்கொண்டாள். "வீட்டுப் பாதை அன்டேக்டு, நாற்பது டேக்டு. சரியாத்தான் இருக்கு."

"அங்க மட்டும் ஏம்மா ரெண்டும்?"

"டிவி வீட்டுப் பாதையில இருக்கணும்னு மாமாவோட விதி. கேமரா தனிப் பாதை. ரெண்டும் ஒரே கம்பியில போகுது. உள்ள இருக்கற சுவிட்ச் பிரிச்சுக் குடுத்துடும்."

"அது பிரிக்குமா?"

"பிரிக்கணும்."

"நீ பாத்தியா அதை?"

"இல்ல."

"பாக்காம எப்படிம்மா?" என்றேன். எனக்கு வலையும் தெரியாது, ஒன்றும் தெரியாது. ஒரு விஷயத்தைப் போய்ப் பார்க்காமல் இவ்வளவு நேரம் ஒருத்தியால் எப்படி இருக்க முடிகிறது என்று உண்மையிலேயே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு, "ஆன்ட்டி, உங்க வைஃபை பாஸ்வேர்டு சொல்லுங்க" என்றாள். சொன்னேன். தன் போனில் கேமராவின் பழைய முகவரியை அடித்தாள். அடுத்த கணம் போனைத் தரையில் கவிழ்த்து வைத்து, அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா ஆச்சு?"

"கேமரா போகல." கையை எடுக்கவில்லை. "உங்க வீட்டு வைஃபைல தெரியுது."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. உள்ளே இருக்கிற அந்தப் பெட்டிக்குச் சீட்டைக் கழற்றவும் தெரியாது, குத்தவும் தெரியாது. மாடிப் பெட்டி மாதிரி விளக்கு எரியும், அவ்வளவுதான். இவள் நாற்பது என்று சீட்டுக் குத்தி அனுப்பியதை அப்படியே கேமராவிடம் நீட்டியது. கேமராவுக்கு அது என்ன பாஷையோ, ஒதுக்கிவிட்டது. கேமரா தன் பங்குக்கு அனுப்பிய படம் சீட்டில்லாமல் வந்தது. சீட்டில்லாததெல்லாம் பெரிய கட்டில், அதாவது வீடுகளின் பாதையில் விழுந்தது. டிவிக்கும் சீட்டு வேண்டாத அதே பாதை என்பதால் அது ஜோராக ஓடியது. அக்காவுக்கு மட்டும் தெரியாத படம் கட்டடத்தில் மற்ற எல்லா வீட்டுக்கும் திறந்து கிடந்தது.

"காலைலேர்ந்தா?" என்றேன்.

"இல்ல ஆன்ட்டி. அதுக்கு முன்னாடியும்தான். எல்லாமே ஒரே வலையா இருந்தப்போ யார் வேணா பாத்திருக்கலாம். பாஸ்வேர்டே போடல."

இத்தனை நாளும் என் வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்தபடி அந்த அறையைப் பார்த்திருக்கலாம். தெரிந்திருந்தால் பார்த்திருப்பீர்களா என்று என்னைக் கேட்காதீர்கள். தெரியாமல் வைத்ததற்கு யாருக்கு நன்றி சொல்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

"சத்தமில்லாம சரி பண்ணிடும்மா" என்றேன். "யாருக்கும் தெரிய வேணாம்."

"மாஸ்டருக்குமா?"

"அவருக்குத் தெரிஞ்சா கேமராவைக் கழட்டி வீசச் சொல்லிடுவாரு. அப்புறம் கடை அவ்வளவுதான்."

"அந்தக் கேமரால இருக்கறது அவரு உடம்பு ஆன்ட்டி. அவருகிட்ட சொல்லாம எப்படி?" லேப்டாப்பை மூடினாள். "அதோட, பெட்டியைப் பாக்காம இன்னொரு தடவை கை வைக்க மாட்டேன். ஊகத்துல செஞ்சுதான் இப்படி ஆச்சு."

மூன்றாம் மாடிக்குப் போனோம். அக்கா கதவைப் பாதி திறந்தாள். மருமகள் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவருகிட்ட சொல்லாதம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும். கழட்டச் சொல்லிடுவாரு. நான் என்ன பண்ணுவேன்?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரு?"

மருமகள் நிலைப்படியைத் தாண்டாமல் நின்றபடியே, அறைக்குள் கேட்கும்படி சொன்னாள். "அண்ணா, நான் தலைவர் வீட்டு மருமக. வலை வேலை பாக்கறவ. உங்க கேமரா இந்தக் கட்டடத்துல எல்லா வீட்டுக்கும் தெரியற மாதிரி இருந்திருக்கு. முன்னாடி அப்படியே விட்டிருந்தாங்க. இன்னைக்கு நான் அடைக்கப் போய், தப்பா அடைச்சுட்டேன்."

டிவியில் பந்தயக் கூட்டம் மட்டும் கத்தியது. பிறகு மாஸ்டர் அதையும் அணைத்தார்.

"யார்... பாத்தா?"

"நான் ஒரு நொடி பாத்தேன். கட்டில் கால், போர்வை ஓரம். மூடிட்டேன். வேற யாரும் பாக்கலன்னு உங்களுக்குச் சொல்ல ஆசைதான். ஆனா எனக்குத் தெரியாது அண்ணா."

அக்கா சுவரில் சாய்ந்துவிட்டாள். கடை போயிற்று என்று அவளும் முடிவு செய்துவிட்டாள், நானும் முடிவு செய்துவிட்டேன்.

"உங்க டிவி பின்னாடி இருக்கற பெட்டியைப் பாத்தாதான் என்னால சரியா அடைக்க முடியும். வரலாமா? வேணாம்னா வெளியிலேர்ந்தே கேமரா லைனை நிறுத்திடறேன். நீங்க சொல்றதுதான்."

ரொம்ப நேரம் ஆயிற்று. அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னால் நம்ப மாட்டார்.

"எல்லாரும் பாக்கற... வழியில... கெடந்திருக்கேன்" என்றார் மாஸ்டர். "சொல்லிட்டுப் பாக்க வந்தவ... நீ ஒருத்திதான். வா."

அக்கா கதவை அகலத் திறந்தாள். மருமகள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். நான் வாசலிலேயே நின்றேன். வா என்றது என்னை இல்லை.

உள்ளே பேசுவது மட்டும் கேட்டது.

"அண்ணா, எந்தக் கம்பி எது?"

"நீலம்... டிவி. வெள்ளை... கேமரா. கறுப்பு... வெளிலேர்ந்து."

"பெட்டி சாதாரணப் பெட்டிதான். இதுக்கு நம்பரெல்லாம் தெரியாது."

"மலிவா... வாங்கினது. அதுக்கு... மண்டைல... ஒண்ணும் இல்ல."

"இன்னைக்கு எனக்கும்தான் அண்ணா."

ஒரு விநோதமான சத்தம் வந்தது. மாஸ்டர் சிரிக்கிறார் என்று பிறகுதான் புரிந்தது. அக்கா கீழே கடைக்கு ஓடினாள், திரையைப் பார்க்க. ஓடும்போதே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குள் தலைவர் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்துவிட்டார். அவருக்கு யார் சொன்னார்களோ. நான் இல்லை, நான் இங்கேயே நின்றேன்.

"என்னம்மா பண்றே உள்ள?"

"மாமா, இந்த வீட்டுக்குப் போற ஓட்டையை மாத்தறேன். வீட்டுப் பாதையை எடுத்துட்டு நாற்பதை மட்டும் விடறேன், சீட்டில்லாம. டிவியும் அதுலயே ஓடும்."

"வீட்டு டிவி வீட்டுப் பாதையிலதான் இருக்கணும்னு தீர்மானமே போட்டிருக்கோம்!"

"அந்தத் தீர்மானத்துக்காகத்தான் ரெண்டு பாதையை இங்க அனுப்பினேன். உள்ள இருக்கற பெட்டியால பிரிக்க முடியாது. தப்பு பெட்டியோடது இல்ல, கேமராவோடதும் இல்ல, என்னோடது. அடுத்த கூட்டத்துல நானே சொல்லிக்கறேன்."

தலைவர் வாயைத் திறந்தார். தான் காலையில் மாடி மாடியாக வாங்கிக்கொண்ட பாராட்டெல்லாம் இனி என்ன ஆகும் என்று கணக்குப் போட்டார் போலிருக்கிறது. பிறகு அறைக்குள் பார்க்கக் கூடாது என்பது நினைவு வந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே திரும்பி நின்றார். அந்த மனிதரிடம் அப்படியொரு நாகரிகம் இருந்தது எனக்குத் தெரியாது. "சரி, சரி. முடிச்சுட்டுச் சாப்பிட வா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கேமராவை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னார் மாஸ்டர், இவள் சொல்வதற்கு முன்பே. புது பாஸ்வேர்டை அவரே சொன்னார், அதுவும் காதோடு; அது அக்காவின் போனுக்கு மட்டும் போனது. வாசலில் நின்ற எனக்கு ஒரு எழுத்துகூட விழவில்லை. என் போன் ஒலித்தது. அக்கா.

"தெரியுதுக்கா! கட்டில், அவரு, அந்தப் பொண்ணு எல்லாம் தெரியுது! அவரைக் கையைத் தூக்கச் சொல்லுங்க, பாக்கறேன்!"

நான் வெளியிலிருந்தே சொன்னேன். தூக்கியிருக்க வேண்டும். போனில் அவள் விட்ட சத்தத்தில் என் காது அடைத்துக்கொண்டது. பிறகு ஷட்டர் தூக்குகிற சத்தம் கேட்டது, அதற்குப் பிறகு மிஷின் ஓடுகிற சத்தம். போனை அணைக்க மறந்துவிட்டாள். நானும் அணைக்கவில்லை. அந்தச் சத்தம் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று இத்தனை வருஷமாக எனக்குத் தோன்றியதில்லை.

மருமகள் வாசலுக்கு வந்து, கீழேயிருந்து மெலிசாக எட்டிய என் வீட்டு வைஃபையில் இன்னொரு தடவை கேமரா முகவரியை அடித்துப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வராததைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்ட முகத்தை நான் பார்த்ததில்லை.

"கெளம்பறேன் அண்ணா" என்றாள், மறுபடி உள்ளே போய்.

"ம்மா." மாஸ்டர் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தார். "சரி பண்ணினது... வேலை. அதுக்கு... சங்கம்... பாராட்டும். ஒரு நொடில... மூடினே பாரு. அதுக்கு... நன்றி."

அவள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது. நானும் ஜலதோஷம் பிடித்தது போல ஒருமுறை உறிஞ்சிக்கொண்டேன்.

"வெளில... ஒருத்தங்க... நிக்கறாங்க" என்றார். "பழம்... கொண்டுவந்து குடுத்துட்டு... போவாங்களே. அவங்களையும்... வரச் சொல்லு. கால்... வலிக்கும்."

இந்தக் கட்டடத்தில் நான் பார்க்காத ஒரே அறை அதுதான். உள்ளே என்ன இருந்தது, எப்படி இருந்தார், சுவரில் என்ன நிறம் என்றெல்லாம் கீழே இறங்குவதற்குள் டீச்சர் கேட்டுவிட்டார், மாலையில் பல் டாக்டரின் நர்ஸ் கேட்டாள், ராத்திரி எங்கள் வீட்டுக்காரரும் கேட்டார்.

"கூப்பிட்டதுக்கு நன்றி மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். இடது கையால் நாற்காலியைக் காட்டினார், உட்கார்ந்தேன். எல்லோரிடமும் இதைத்தான் சொன்னேன்.